‘நீங்களும் தமிழர்தானே?’: தூதர்கள் சொந்தக் கருத்தை ஏன் உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்

2022 ஜூலை 14, வியாழக்கிழமை இரவு. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லார் கைப்பேசியிலும் ஒரே செய்தி: இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவிலிருந்து கிளம்பி சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். எங்களில் ஒருவர் வெளியுறவுத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்.

“அண்ணே, இவர எதுக்கு உள்ள விட்டாங்க? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, “அமைச்சு அறிக்கை வந்திருக்கு, படிச்சீங்களா?” என்றார்.

“அது படிச்சாச்சு. உங்க கருத்து என்னன்னு சொல்லுங்க.”

“அறிக்கைய நல்லா எழுதியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு பரோட்டாவைப் பிய்க்கத் தொடங்கினார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மேசையில் இருந்த இருவருக்கு இலங்கையின் வன்னியில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், 2009 போரில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கும் அன்று கொஞ்சம் கோபம்தான். இத்தனை வருடம் பழகியவர், ஓய்வும் பெற்றுவிட்டார், நம்மிடம் சொன்னால் என்ன?

வீட்டுக்கு வந்து அந்த அறிக்கையை மறுபடி நிதானமாகப் படித்தேன். சில வரிகள்தான். அவர் தனிப்பட்ட பயணமாக வர அனுமதிக்கப்பட்டிருக்கிறார். அவர் அடைக்கலம் கேட்கவில்லை, அவருக்கு அடைக்கலம் கொடுக்கப்படவும் இல்லை. சிங்கப்பூர் பொதுவாக அடைக்கலக் கோரிக்கைகளை ஏற்பதில்லை. அவ்வளவே. போராட்டம் சரியா தவறா என்று ஒரு சொல் இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இல்லை.

அன்றைய நிலவரத்தை யோசித்துப் பாருங்கள். ஜூலை 9ஆம் தேதி மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்துவிட்டார்கள். 13ஆம் தேதி அவர் நாட்டை விட்டுப் போனார், ரணில் விக்ரமசிங்க பதில் அதிபரானார். ஆனால் பதவி விலகல் கடிதம் இன்னும் வரவில்லை. சாங்கிக்கு வந்த பிறகுதான் மின்னஞ்சலில் அதை அனுப்பினார், நாடாளுமன்ற நாயகர் மறுநாள் அதை அறிவித்தார். அதாவது விமானம் தரையைத் தொட்ட நேரத்தில், சட்டப்படி அவர் இன்னமும் ஒரு நாட்டின் அதிபர். அந்த நேரத்தில் ஒரு சிங்கப்பூர் அதிகாரி “பாவம்” என்றோ “நல்லா வேணும்” என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால், அது யாருக்கு எதிராக எண்ணப்பட்டிருக்கும்? அடுத்து யார் ஆட்சிக்கு வருவார் என்று கொழும்பிலேயே யாருக்கும் தெரியாத நாள் அது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 20ஆம் தேதிதான் நாடாளுமன்றம் ரணிலைத் தேர்ந்தெடுத்தது.

தூதராக இருப்பவரின் வாயில் வரும் சொல்லுக்குச் சொந்தக்காரர் அவர் இல்லை. இந்த வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை கதை நமக்கெல்லாம் பள்ளியிலேயே தெரியும். உன் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலை போட்டுப் பளபளப்பாக இருக்கின்றன. அவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். செய்தி போய்ச் சேர்ந்தது. போரைப் பற்றி அவ்வை தன் மனதில் என்ன நினைத்தார் என்பது அந்த அவையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தூதின் கனம் குறைந்திருக்கும்.

இன்றைய உலகத்தில் இதற்கு எழுதப்பட்ட சட்டம் உண்டு. 1961ல் கையெழுத்தான வியன்னா ஒப்பந்தம்தான் தூதர்களுக்கு வழக்கிலிருந்தும் கைதிலிருந்தும் பாதுகாப்புத் தருகிறது. அதே ஒப்பந்தத்தின் 41ஆவது பிரிவு, வேலை செய்யும் நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடாதிருப்பது அவர்கள் கடமை என்கிறது. மீறினால் என்ன? 9ஆவது பிரிவின்படி, காரணம் சொல்லாமலே எந்த நாடும் எந்தத் தூதரையும் ‘வேண்டாதவர்’ என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். விளக்கம் கேட்க முடியாது, மேல்முறையீடும் கிடையாது.

சிங்கப்பூர் இதைச் செய்து காட்டியது 1988ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதாகியிருந்தார்கள். ஊரே கொதிப்பில் இருந்த காலம், பொதுத் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தூதரகத்தில் முதல் செயலாளராக இருந்த ஹென்ட்ரிக்சன், வழக்கறிஞர்கள் சிலரை எதிர்த்தரப்பில் தேர்தலுக்கு நிற்கத் தூண்டினார் என்று அரசு குற்றம் சாட்டி, அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னது. எதிர்க்கட்சிக்காரர்களைச் சந்திப்பது எந்தத் தூதரக அதிகாரிக்கும் உரிய சாதாரண வேலைதான் என்றது வாஷிங்டன். பதிலுக்கு அங்கிருந்த ஒரு சிங்கப்பூர் அதிகாரியை வெளியேறச் சொன்னது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதம் செய்பவர்கள் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. சந்திப்பது, கேட்டுக்கொள்வது, எழுதி அனுப்புவது எல்லாம் தூதரின் வேலை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே “நீங்க நின்னா நல்லா இருக்கும்” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அது பேச்சு என்ற இடத்தைத் தாண்டிச் செயலாகிவிடுகிறது. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. கொதிப்பான காலத்தில் அது இன்னும் நெருங்கி வந்துவிடும்.

சமூக ஊடகம் வந்த பிறகு கோட்டைத் தாண்ட ஒரு நிமிடம் போதும். 2024 மார்ச்சில் இங்குள்ள இஸ்ரேல் தூதரகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில், குர்ஆனில் இஸ்ரேல் பெயர் எத்தனை முறை வருகிறது, பாலஸ்தீனம் வரவில்லையே என்ற பாணியில் ஒரு பதிவு வந்தது. காஸா போர் நடந்துகொண்டிருந்த நேரம், நோன்பு மாதம் வேறு. உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம் கடுமையாகக் கண்டித்தார், பதிவு நீக்கப்பட்டது. இப்படி ஒரு பதிவு இங்கே வேலைக்குப் போய்வரும் ஒரு மலாய்க்காரரையும் அவர் பக்கத்து வீட்டுக்காரரையும் எப்படித் தொடும் என்பதுதான் அரசின் கவலை. வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீடுகளின் புளோக்கில் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் நமக்கு இது புரியும்.

சரி, அப்படியானால் தூதர்களுக்குக் கருத்தே கிடையாதா? நிறைய உண்டு. அதைச் சொல்ல ஒரு இடமும் உண்டு: தலைநகரத்துக்கு அனுப்பும் ரகசியக் குறிப்பு. ‘இந்த அமைச்சரை நம்ப முடியாது’, ‘இந்த ஆட்சி ஆறு மாதம் தாங்காது’, ‘நம் கொள்கை இங்கே எடுபடவில்லை’ என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதத்தான் அவருக்குச் சம்பளம். உள்ளே இப்படி எழுத முடிவதற்குக் காரணமே வெளியே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். வெளியே பேசுகிற ஒருவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? யாரும் பேசாவிட்டால் அவர் எதை எழுதுவார்?

உள்ளே எழுதியது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் நேரடியாகவே அனுபவித்திருக்கிறது. 2010 இறுதியில் விக்கிலீக்ஸ் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகக் குறிப்புகளை அவிழ்த்துவிடத் தொடங்கியது. அவற்றில் சிங்கப்பூரின் மூத்த அதிகாரிகள் மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் பற்றி அமெரிக்கர்களிடம் சொன்னதாகச் சில கடுமையான வரிகள் இருந்தன. மலேசியா நம் தூதரைக் கூப்பிட்டுத் தன் அதிருப்தியைத் தெரிவித்தது. கசிந்த ஆவணங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை என்ற நிலையில் வெளியுறவு அமைச்சு நின்றுகொண்டது. அப்போது கோலாலம்பூரில் பணியில் இருந்தவர்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எந்த முகத்தோடு போயிருப்பார்கள்! தாங்கள் சொல்லாத சொல்லுக்குத் தாங்கள் போய் நிற்க வேண்டும்.

2019 ஜூலையில் வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் கிம் டாரக்குக்கும் இதுதான் நடந்தது. டிரம்ப் நிர்வாகம் திறமையற்றது என்று அவர் லண்டனுக்கு எழுதிய குறிப்புகள் பத்திரிகையில் வந்தன. இனி அவரோடு பேச மாட்டோம் என்றார் டிரம்ப். சில நாளில் டாரக் பதவி விலகினார். 2025 மார்ச்சில் லண்டனில் நியூசிலாந்துத் தூதராக இருந்த ஃபில் கோஃப், ஒரு பொதுக்கூட்டத்தின் கேள்வி நேரத்தில், டிரம்ப்புக்கு வரலாறு உண்மையிலேயே புரிகிறதா என்று கேட்டுவிட்டார். சில நாட்களுக்குள் அவர் பதவியும் போனது. கோஃப் ஒரு காலத்தில் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சராகவே இருந்தவர். விதி தெரியாதவர் இல்லை.

இருவருக்கும் முடிவு ஒன்றுதான், ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டாரக் தன் கருத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். திருடு போனதற்கு அவர் பொறுப்பில்லை. கோஃப் கேட்டது நியாயமான கேள்வியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மண்டபத்தில் அவர் நியூசிலாந்தின் நாக்கு. அந்த நாக்கைத் தன் சொந்தக் கேள்விக்குப் பயன்படுத்தினார்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். சிங்கப்பூருக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. தமிழர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் வெளியுறவின் வரலாற்றில் தமிழ்ப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1965 முதல் 1980 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் சு. தனபாலன். பிறகு ஜெயக்குமார், சண்முகம், இப்போது விவியன் பாலகிருஷ்ணன். எஸ். ஆர். நாதன் மலேசியாவிலும் பிறகு 1990 முதல் 1996 வரை வாஷிங்டனிலும் தூதராக இருந்துவிட்டுத்தான் அதிபரானார். இப்படிப்பட்ட ஒருவர், அல்லது அவர்களுக்குக் கீழே பணிபுரியும் இளம் அதிகாரி ஒருவர், கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருந்திலேயே யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: “நீங்களும் தமிழர்தானே?” அன்போடு வருகிற கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எங்கள் பக்கம்தானே?

அந்த அதிகாரி அப்போது “ஆமாம், உங்க பக்கம்தான்” என்று சொல்லிவிட்டால், அதே நாளில் பெய்ஜிங்கில் இருக்கும் அவருடைய சக அதிகாரியிடம் “நீங்களும் சீனர்தானே?” என்று கேட்பவருக்கும் பதில் தயாராகிவிடும். ஜகார்த்தாவில் இருக்கும் மலாய் அதிகாரிக்கும் அப்படியே. மூன்று பேரும் அவரவர் இனத்தின் குரலில் பேசத் தொடங்கினால் சிங்கப்பூருக்கென்று பேச யார் மிச்சம்? 1966ல் தேசியப் பற்றுறுதியின் முதல் வரைவை எழுதியவர் ராஜரத்தினம். இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து என்று நம் பிள்ளைகள் காலையில் கைமுட்டியை நெஞ்சில் வைத்துச் சொல்கிறார்களே, அதை ஒரு வெளியுறவு அமைச்சர் எழுதினார் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

உக்ரேன் போர் வந்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. 2022 மார்ச் 2ஆம் தேதி ஐநா பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்துக்கு 141 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, சிங்கப்பூரும் அதில் ஒன்று. இந்தியாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ரஷ்யா மீது தடை விதிக்கப்போவதாக நம் நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் விவியன் பாலகிருஷ்ணன். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைவதைச் சின்ன நாடான நாம் ஏற்க முடியாது என்பது காரணம். இதே காரணத்துக்காக 1983ல் நட்பு நாடான அமெரிக்கா கிரெனடாவுக்குள் நுழைந்தபோதும் சிங்கப்பூர் எதிர்த்து வாக்களித்தது.

1994ல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்குப் பிரம்படி தீர்ப்பானபோது அமெரிக்காவே நம்மை ஏசியது. நாதன்தான் அங்கே தூதர். தொலைக்காட்சிகளில் உட்கார்ந்து, கேள்விமேல் கேள்வியாக வந்ததற்கெல்லாம் பொறுமையாக விளக்கம் சொன்னார். அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்டதற்காக ஆறு அடி நான்காகக் குறைந்தது. பிரம்படி பற்றி நாதன் என்ற மனிதர் வீட்டில் என்ன பேசினார் என்பது அமெரிக்காவில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. சிங்கப்பூர் என்ன சொல்கிறது என்பதுதான் தேவைப்பட்டது.

ஆனால் யாருடைய குரலாக இருக்கிறோமோ அந்த நாடே இரண்டாகப் பிளந்தால்? இந்த விதி எல்லாமே அங்கே போய் முட்டிக்கொள்கிறது.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 26ஆம் தேதி ஐநாவில் அந்த நாட்டின் தூதர் சோ மோ துன், ராணுவத்துக்கு எதிராகப் பேசி, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்தினார். மறுநாளே ராணுவம் அவரை நீக்கியது. ஆனால் யாரை ஏற்பது என்ற முடிவை ஐநா தள்ளிக்கொண்டே போனதால் அவர் அந்த நாற்காலியிலேயே தொடர்ந்தார். லண்டனில் இருந்த மியன்மார்த் தூதர் சோ சுவா மின்னும் ராணுவத்தை விமர்சித்தார். ஏப்ரல் 7ஆம் தேதி அவர் வெளியே போயிருந்த நேரத்தில் அவருடைய சொந்த அலுவலர்களே தூதரகக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அன்றிரவு காரில்தான் படுத்தார். பிரிட்டன் அரசு வருத்தம் தெரிவித்தது, ஆனாலும் அவர் பதவி முடிந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டது. ஒரே துணிச்சல், ஒரே நாடு. ஒருவருக்கு நாற்காலி மிஞ்சியது, இன்னொருவருக்குக் காரின் பின்சீட்டு.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொல்லத் தொடங்கியது. ஏப்ரல் 6ஆம் தேதி புதுடில்லியில் பாகிஸ்தான் தூதரகத்தில் வேலை பார்த்த ஷஹாபுதீன் என்ற வங்காள அதிகாரியும் அவருடைய சக ஊழியர் ஒருவரும், இனி நாங்கள் பாகிஸ்தானுக்கு வேலை செய்யவில்லை என்று அறிவித்தார்கள். வங்காளதேசத்தின் தற்காலிக அரசு அமைந்ததோ ஏப்ரல் 10ஆம் தேதி. இன்னும் பிறக்காத ஒரு அரசுக்காகக் கையில் இருந்த வேலையையும் பாதுகாப்பையும் விட்டார்கள். அதே ஏப்ரல் 6ஆம் தேதி டாக்காவில் அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டின் அலுவலகத்திலிருந்து இருபது பேர் கையெழுத்திட்ட ஒரு தந்தி வாஷிங்டனுக்குப் போனது. இந்தப் படுகொலையைக் கண்டிக்காமல் இருப்பது தவறு என்று தங்கள் அரசுக்கே எழுதினார்கள். மாற்றுக் கருத்தை உள்ளுக்குள்ளேயே எழுத அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த ஆண்டுதான் ஒரு வழி திறந்திருந்தது. பிளட் சீக்கிரமே அங்கிருந்து மாற்றப்பட்டார். கொள்கை மாறவில்லை.

இவர்கள் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஷஹாபுதீன் முதலில் வேலையை விட்டார், பிறகு பேசினார். 2022 மே மாதம் ஜெனிவாவில் ரஷ்ய அதிகாரி போரிஸ் போண்டரெவும் அப்படித்தான்: ராஜினாமா செய்துவிட்டு, என் நாட்டை நினைத்து இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று எழுதினார். நாட்டின் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தக் குரலில் பேசுவது நேர்மையான வழி. அதற்கு விலை அதிகம் என்பதால்தான் ஒரு சிலரே அதில் போகிறார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பேசலாமே என்றால், சிங்கப்பூரில் அதற்கும் உதாரணம் உண்டு. 2017ல் கிஷோர் மபுபானி, சின்ன நாடுகள் சின்ன நாடுகளைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். இரண்டு முறை ஐநாவில் நம் தூதராக இருந்தவர். அவரோடு ஒரே துறையில் உழைத்த பிலஹரி கௌசிகனே பகிரங்கமாக, காரமாக மறுத்தார். அமைச்சர் சண்முகமும் சேர்ந்துகொண்டார். அந்த வாதம் நடந்தது நல்லதுதான் என்று இன்றும் நினைக்கிறேன், நாம் எல்லாரும் அதிலிருந்து கற்றுக்கொண்டோம். ஆனால் முன்னாள் தூதர் ஒருவர் பேசினால் அதை ஒரு தனிமனிதரின் கட்டுரையாக மட்டும் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் அப்போது தெரிந்தது. தேக்காவில் அண்ணன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது எனக்கு இதை நினைக்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் மேசையில் எட்டுப் பேர், எட்டுக் கைப்பேசி.

அந்த வியாழனுக்கு அடுத்த வாரம், எங்கள் புளோக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்குக் கடவுச்சீட்டு வேலை இருந்தது. துணைக்குப் போனேன். இலங்கைத் தூதரகக் கவுன்ட்டரில் வரிசை நீளம், ஆனால் சத்தமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் தமிழில் பேசினார். படிவத்தைப் புரட்டி, படத்தை அளந்து பார்த்து, விடுபட்ட ஒரு கட்டத்தைப் பேனாவால் காட்டினார்.

அக்கா மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அங்கை என்னதான் நடக்குது? இனி ஆர் வருவினம்?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா. கொழும்புக்கு அனுப்பித்தான் வரும், கொஞ்சம் சுணங்கும்.”

அக்கா கையெழுத்து வைத்தார். படிவத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முத்திரை குத்தும்போது அந்தத் தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உங்கடை வீட்டாக்களுக்கு ஊரிலை சமைக்கக் காஸ் கிடைக்குதோ?”

“எங்கை ராசா. விறகுதான்.”

அவர் தலையை ஆட்டினார். ரசீதைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.